குற்றாலலிங்கம் பார்க்காத ராக்கெட்டுகள்

ராக்கெட்டை மேலே அனுப்புகிறவர்கள் இரண்டு வகை. படித்துப் பட்டம் வாங்கி, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, எரிபொருள், வால்வு, மென்பொருள் என்று வருஷக்கணக்கில் மாரடிப்பவர்கள் ஒரு வகை. ராக்கெட் கிளம்பும் நேரத்தில் டி.வி.யைப் பார்க்காமல் இருப்பதன் மூலம் அதை அனுப்புகிறவர்கள் மற்ற வகை. இவர்களுக்குச் சம்பளம் இல்லை, பாராட்டு இல்லை. ஆனால் இவர்கள் இல்லாவிட்டால் நிலவு என்ன, நாலு தென்னை உயரம்கூட ராக்கெட் ஏறாது என்பது இவர்களுடைய பணிவான அபிப்பிராயம்.

கரமனை குற்றாலலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் மொத்த வியாபாரிகளுக்குக் கணக்கெழுதி ஓய்ந்தவர். காரணமில்லாமல் எதுவும் நடக்காது என்று நம்புகிறவர். எப்போதோ ஒருமுறை ஏத்த வாழைக்காய் வற்றல் தட்டோடு டி.வி. முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு ராக்கெட்டைக் கண்கொட்டாமல் பார்த்தார். அது கடலுக்குள் போயிற்று. அடுத்த ராக்கெட்டின்போது குளியலறையில் இருந்தார். அது நேராகப் போய்ச் சேர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் வற்றலைச் சந்தேகித்திருப்பார்கள். இவர் தன்னைச் சந்தேகித்தார்.

2019-இல் நிலவில் இறங்கப்போன கலத்தைக் குளியலறைக் கதவிடுக்கு வழியாக ஒரே ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டார். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். விஞ்ஞானிகள் ஆராய்ந்து ஏதேதோ காரணம் சொன்னார்கள். இவரிடம் யார் வந்து கேட்டார்கள்? 2023-இல் அடுத்த கலம் போனபோது தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டார். இறங்கியது. தெருவில் பட்டாசு வெடிக்க, வெளியே வந்த அவர் முகத்தில் பிரசவம் பார்த்து முடித்த டாக்டரின் களைப்பு. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதும் உண்டு. ஆனால் அது துணை ஏற்பாடுதான்.

எல்லா ராக்கெட்டையும் நாற்காலி போட்டுப் பார்த்துவிட்ட அவர் மனைவி சரஸ்வதியம்மாள் ஒருநாள் கேட்டாள்: "நானும்தான் பாக்கேன். நான் பாத்து எது விழுந்துது?"

"நீ சும்மா பாக்கே. நான் கவனிச்சுப் பாக்கேன்."

மாடியில் குடியிருக்கும் வங்கி ஊழியர் ஜிபின், ராக்கெட் நாளில் படியிறங்கும்போதெல்லாம் தவறாமல் சொல்வார்: "அங்கிளே, டாங்க்ல தண்ணி நிறைச்சாச்சு கேட்டோ. தைரியமாட்டு உள்ள போய்க்கோ. நாடு அங்கிளத்தான் நம்பியிருக்கு."

குற்றாலலிங்கம் சிரிக்கமாட்டார். பொறுப்பில் உள்ளவர்கள் சிரிப்பதில்லை.

இப்படி நாடு பத்திரமாக இருந்த காலத்தில்தான் மகள் ஆதிரா போன் செய்தாள். அவள் முதல் வகை. விண்வெளி மையத்தில் இன்ஜினியர். புதிய செயற்கைக்கோள் ஒன்று கிளம்பும் நாளில், நேரலையில் நின்று ராக்கெட்டின் அடுக்குகள் பிரிவதை விளக்கிச் சொல்ல அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"அப்பா, இந்தவாட்டி பாத்ரூம் கிடையாது. என்ன டி.வி.ல பாக்கணும்."

"உன்ன பாப்பேன் மக்களே. ராக்கெட்ட பாக்கமாட்டேன்."

"ரெண்டும் ஒரே ஸ்க்ரீன்லல்லே வரும்?"

"அத கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லேன்."

மகள் சிரிக்கவில்லை. "காலேஜ்ல நான் டான்ஸ் ஆடினப்பவும் நீங்க ஹாலுக்கு வெளியதான் நின்னிய. விழுந்திருவேன்னு."

"நீ விழல்லையே."

"விழுந்தாலும் பாக்க ஒரு ஆள் வேணும்ப்பா." போனை வைத்துவிட்டாள்.

ஒரு பக்கம் நாடு. மறுபக்கம் மகள். சாலைக் கம்போளத்தில் இப்படியொரு கணக்கு அவருக்கு வந்ததே இல்லை. கடைசியில் ஜிபினிடம் விசாரித்து, திரையின் இடது பாதியில் ராக்கெட்டும் வலது பாதியில் விளக்குபவரும் வருவார்கள் என்று அறிந்துகொண்டார். அந்த நாள் வந்ததும், குளித்துத் தலைதுவட்டுகிற துவர்த்தை எடுத்து, டி.வி.யின் இடது பாதியில் துணிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார்.

"அப்போ நான் எதப் பாக்க?" என்றாள் சரஸ்வதியம்மாள்.

"உனக்குச் சத்தம் போதும்."

ஆதிரா வந்தாள். நீலப் பட்டுப்புடவை, தெளிவான குரல். துவர்த்துக்குப் பின்னால் ராக்கெட் உறுமிக்கொண்டு கிளம்பியது. முதல் அடுக்கு பிரிந்தது என்றாள், பிரிந்தது. இரண்டாம் அடுக்கு என்றாள், அதுவும் பிரிந்தது. குற்றாலலிங்கம் மகளை மட்டும் பார்த்துக்கொண்டு, இத்தனை வருஷம் குளியலறையில் வீணாக நனைந்தோமே என்று நினைக்கத் தொடங்கியபோது, ஒளிபரப்பில் யாரோ இரண்டு பாதிகளையும் இடம் மாற்றினார்கள். ராக்கெட் வலப்பக்கம் வந்தது. மகள் துவர்த்துக்குள் போனாள்.

சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்.

"அடுத்து மூன்றாம் அடுக்கு..." என்ற மகளின் குரல் பாதியில் நின்றது. பின்னால் யாரோ இருமினார்கள். வேறு சத்தமில்லை.

"பேச்சக் காணுமே," என்றாள் சரஸ்வதியம்மாள்.

அந்த மௌனத்தை அவருக்குத் தெரியும். 2019-இல் கதவிடுக்கில் கேட்டது. இப்போது பார்த்தால் விழும். பார்க்காவிட்டால் அவள் தனியாக நிற்பாள்.

எழுந்தார். கண்ணைத் திறக்காமலே நடந்து, டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொண்டு, துவர்த்தைப் பிடித்து இழுத்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

வலப்பக்கம் ராக்கெட்டின் பாதையைக் காட்டும் கோடு. இடப்பக்கம் ஆதிரா. நாடே பார்த்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்த பெரிய திரைக்கு முதுகைக் காட்டி, முந்தானை நுனியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தாள். அந்த முகத்தின் தவிப்பை ராக்கெட் நாட்களிலெல்லாம் குளியலறைக் கண்ணாடியில் அவர் பார்த்திருக்கிறார்.

கைதட்டல் கேட்டது. அடுக்கு எப்போதோ பிரிந்திருந்தது, தகவல்தான் தாமதம்.

சாயங்காலம் போனில் கேட்டார்: "ஏன் மக்களே கண்ண மூடினே?"

"லைட் கண்ணுல அடிச்சுதுப்பா."

"ஆமா ஆமா. எனக்கும் பாத்ரூம்ல லைட்டுதான் அடிக்கும்."

ஆதிரா பேச்சை மாற்றினாள். "அப்போ நீங்க பாத்தியளா?"

"பாத்தேன்."

"பாத்தும் விழல்ல, கேட்டியளா."

தேறிவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அன்றே கணக்கைத் திருத்திவிட்டார். வீட்டுக்கு ஓர் ஆள் பார்க்காமல் இருந்தால் போதும். இந்த முறை அது ஆதிரா. அடுத்த முறைக்கு சரஸ்வதியம்மாளைக் குளியலறைக்கு நியமித்தார். "எனக்கு வேற வேல இருக்கு," என்று அவள் மறுத்துவிட்டாள். அவரும் இனி உள்ளே போவதாக இல்லை; மகளைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசி ஓவரில் எழுந்து அடுக்களையில் போய் நின்றது யார்? பரீட்சை முடிவு வரும்போது, "நீயே பாத்துச் சொல்லு" என்று போனை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது யார்? அடுத்த ராக்கெட் கிளம்பும்போது கரமனையில் ஒரு குளியலறை காலியாக இருக்கும். நாட்டுக்குக் கவலையில்லை, நீங்கள் இருக்கிறீர்கள். தாழ்ப்பாளை மட்டும் சரியாகப் போடுங்கள்.