மாமியார் மூக்கும் ஒரு கண்டெய்னர் இறாலும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் பல தும்மல்களுக்கு நடுவே எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். உன் அம்மா எங்கள் இருவரையும் விடச் சுகம். அதுபற்றித்தான் இந்தக் கடிதம்.

என் வேலை உனக்குத் தெரியும். நானூறு பேர் உரித்து, கழுவி, உறையவைக்கிற இறாலைக் கப்பலேறும் முன் முகர்ந்து பார்த்து "போகலாம்" என்று சொல்வது. நாட்டின் கடல் ஏற்றுமதி கூடியிருக்கிறது என்று பேப்பரில் வந்தால் நான் என் மூக்கைத் தடவிக்கொள்வேன். உன் அம்மா வந்ததிலிருந்து அந்த மூக்குக்குச் சனி பிடித்தது. "மாப்பிள்ளை, உங்க மேல வாடை வருது" என்று வாசலிலேயே நிறுத்தி, தினம் தலையில் மூன்று வாளி பச்சைத் தண்ணீர். நாலாம் நாள் ஜலதோஷம். மூக்கு சுத்தமாக அடைத்துக்கொண்டது. வெளியே சொன்னால் பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போட்டுவிடுவார்களே என்று, சரக்கிலிருந்து மாதிரிக்கு எடுத்து வைத்த எல்லாத் தட்டையும் "முதல் தரம்" என்றேன். மேனேஜருக்குச் சந்தேகம். கண்ணை மூடிக்கொண்டு முகர்வது என் வழக்கமா, ஒரு தட்டை மூக்கருகே நீட்டினார். "நல்ல இறால் சார்" என்றேன். கண்ணைத் திறந்தால் சோப்புக்கட்டி.

அன்று மதியம் கப்பல். கண்டெய்னர் வாசலில் நிற்கிறது. சரக்கு தேறாவிட்டால் நானூறு பேருடைய ஒரு வார உழைப்பும் போச்சு, என் வேலையும் போச்சு. மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கையில், நான் மறந்துவிட்டு வந்த கைக்குட்டையோடு உன் அம்மா கதவருகே வந்து நின்றார். உள்ளே காலே வைக்கவில்லை. "அந்த மூணாவது தட்டு சரியில்லையே. ஐஸ் இல்லாம வெயில்ல கிடந்ததா?" என்றார். விசாரித்தால், அது இறங்கிய அன்று ஐஸ் வண்டி தாமதம். மேனேஜர் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். நாற்பது தட்டையும் முகர்ந்து, பதினோரு தட்டின் சரக்கை ஒதுக்கச் சொல்லி, மிச்சத்தைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார் உன் அம்மா. இறால் உரிக்கும் பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அசடு மாதிரி நானும் தட்டினேன்.

இப்போது தினமும் என்னோடு வருகிறார். மேனேஜர் என்னைப் பார்த்து, "அம்மா என்ன சொல்றாங்க?" என்று மட்டும்தான் கேட்கிறார். இப்படியே போனால் எனக்கு லேபிள்தான். ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது வந்து அழைத்துப் போ. "நீ இல்லாம வீடு வீடாவே இல்லம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லு, பெட்டியோடு கிளம்பிவிடுவார்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லாரும் மூக்கடைக்காமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இதை இரண்டு நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. வராதே. ஆலையில் இனி இரண்டு மூக்கு என்று உத்தரவாகிவிட்டது. எனக்கும் வேலை இருக்கிறது, ஜலதோஷமும் ஓடிவிட்டது. அறுபத்திரண்டு வயதில் உன் அம்மாவுக்கு இது முதல் வேலை. கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவரைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது, போ. சற்று முன் கணக்கெடுப்புக்கு ஒருவர் வந்து, "இந்த வீட்டுல கடல் தொழில்ல எத்தனை பேர் வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் உன் அம்மா சொன்னார்: "ரெண்டு பேர். முதல்ல என்னை எழுதிக்குங்க."