நித்திரை என்று சொல்லாதே

வெல்லாவெளிப் பக்கத்தில் ஒரு நெற்போகம் முழுக்க 'நித்திரை' என்ற சொல்லையே ஒழித்துக் கட்டிய மனிதர் ஒருவர் இருந்தார். ஊர் அவரைப் பொலி அம்மான் என்றது. சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். கல்யாணம் இல்லை. தங்கச்சியோடு இருந்தார்.

களவெட்டியில், அதுதான் அறுத்த கதிரை மாடு விட்டுச் சூடு மிதிக்கிற இடத்தில், சில சொற்களை நாங்கள் சொல்லுவதில்லை. சொன்னால் பூதம் நெல்லை அள்ளிவிடும். நெல்லைப் பொலி என்போம். மாட்டை வாரிக்காலன் என்போம். முடிந்தது, குறைந்தது என்று வாய் திறக்கக்கூடாது. பெருகிற்று என்றுதான் சொல்லவேண்டும். களத்தை விட்டு இறங்கினால் எல்லோரும் பழைய பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். அம்மான் திரும்பவில்லை.

அது யப்பான் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஏறாவூரிலிருந்து வந்து கடை போட்டிருந்த முஸ்லிம் காக்காவிடம் அம்மான் போத்தலை நீட்டினார்.

"எண்ணெய் முடிஞ்சி அம்மான்."

"வாயக் கழுவு! பெருகிற்று எண்டு சொல்லு."

"பெருகினா ஊத்த வேணுமே. போத்தல மடியில வைங்க."

ஒரு செத்த வீட்டுக்குப் போய், "கிழவன் எப்ப பெருகினவர்?" என்று கேட்டாராம். அதன் பிறகு செத்த வீடுகளுக்கு அவரைக் கூப்பிடுவதில்லை. அவர் கூப்பிடாமலே போவார்.

எனக்கு அப்போது வட்டைக் காவல். வயலில் பரண் கட்டி, இரவு முழுக்க யானை பார்க்கவேண்டும். விடியத்தான் வீடு. காலையில் வயல் வேலை. மத்தியானம் படுத்தால்தான் இரவில் விழித்திருக்கலாம். படுக்க விடாமல் ஒருத்தி இருந்தாள். என் மகள் வள்ளி. இரண்டு வயது.

பெண்சாதி மத்தியானத்தில் வயல் சொந்தக்காரரான போடியார் வீட்டுக்கு நெல் குத்தப் போய்விடுவாள். நானும் வள்ளியும்தான். பாயைக் கண்டால் ஓடுவாள். சேலை ஏணையில் போட்டு ஆட்டினால் காலை வெளியே நீட்டி நிலத்தை உதைப்பாள். எனக்குத் தெரிந்த தாராட்டு ஒன்றரை. பாடிப் பார்த்தேன். "அப்பா, கத்தாத" என்றாள்.

பொழுது படும் நேரம்தான் கண் சொருகும். அப்போது நான் பரணுக்குப் போகவேண்டும்.

ஒரு நாள் பரணில் என்னை அறியாமல் கண்ணயர்ந்தேன். விடிந்து பார்த்தால் வயலின் ஒரு மூலை இல்லை. போடியார் வந்து பார்த்தார். "இன்னொருக்கா ஆன இறங்கினா, அடுத்த போகம் வேற ஆள்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் வள்ளியிடம் கெஞ்சினேன். "நித்திர கொள்ளு மனே."

வேலிக்கு மேலே அம்மானின் தலை எழும்பியது.

"சொல்லிப் போட்டியே! அந்தச் சொல்ல!"

"எந்தச் சொல்ல?"

"நித்திர..." தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். "பேர் சொல்லிக் கூப்பிட்டா அது வருமா மருமகன்? ஓடிரும்!"

அன்றிலிருந்து என் வீட்டில் களவெட்டிச் சட்டம். பாய்க்குத் தோணி என்று பேர். தலையணைக்குப் பரங்கிக்காய். படுப்பதற்குக் கரை சேர்வது.

மறுநாள் தோணியை விரித்தேன். "தோணி வேணாம்!" என்று வள்ளி ஓடினாள். உடனே அம்மான் பேரை மாற்றினார். தோணி ஆலமரம் ஆயிற்று. அவளுக்கு அதுவும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. பெண்சாதி வந்து "இஞ்ச, பாய் எங்க?" என்று கேட்டாள். "ஆலமரம் வேலியில காயுது" என்றேன். காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அம்மான் அடுத்த வித்தைக்கு வந்தார். சுற்றி மிதித்தால் எந்த வாரிக்காலனும் களைத்துப் படுக்குமாம். முற்றத்தில் உரலை நட்டார். தன் சால்வையை இடுப்பில் கட்டி, நுனியை வள்ளியிடம் கொடுத்தார். அவர் முன்னே, அவள் பின்னே. "பொலியோ பொலி!" உரலைச் சுற்றினார்கள். வெயில் சாயும் வரை சுற்றினார்கள். கடைசியில் ஒருவர் விழுந்தார். அம்மான்.

வள்ளி அவர் வயிற்றில் ஈர்க்கிலால் தட்டினாள். "எழும்பு வாரிக்காலன்."

"இது பிள்ளையா, போடியாரா?" என்று கிடந்தபடி கேட்டார்.

பொழுது பட்டது. வள்ளி என்னருகே சரிந்து கண்ணை மூடினாள். நான் உடுத்திருந்த சாரத்தின் நுனி அவள் கையில் இருந்தது. வழக்கம்போல அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு எழும்பினேன். அம்மான் முற்றத்தில் கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போறாய்?"

"காவலுக்கு."

"பிள்ளைக்கிட்டச் சொல்லாமலா?"

"சொன்னா அழுவாள்."

"ஒவ்வொரு நாளும் இப்பிடியா?"

"ஓம்."

எழும்பி உட்கார்ந்தார். இடுப்பில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்தார்.

"ஆள் உறங்கக்குள்ள உள்ளத அவிழ்த்துக்கொண்டு போறவனுக்கு என்ன பேர், மருமகன்?"

"கள்ளன்."

"அப்ப அவள் எப்பிடிக் கண்ண மூடுவாள்? கள்ளன் பக்கத்திலல்லவா படுத்திரிக்கான்."

அவர் என் காவல் தடியை எடுத்தார். "பிள்ள எழும்பட்டும். சொல்லித்து வா. அதுவரைக்கும் நான் பரணில இருக்கன்" என்று போய்விட்டார்.

நான் திரும்பப் படுத்தேன். சாரத்தின் நுனியை அவள் கையில் வைத்தேன். இருட்டும் நேரம் அவள் அசைந்தாள். கை சாரத்தைத் தடவியது. கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். மூக்கைப் பிடித்து இழுத்தாள். "அப்பா இரிக்கார்" என்று தனக்குத்தானே சொன்னாள்.

"அப்பா காவலுக்குப் போயித்து வாறன் மனே" என்றேன். அழுதாள். பெண்சாதி தூக்கி வைத்துக்கொண்டாள். அழுதாலும் வேலிப் படலை தாண்டும் வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு கிழமை அப்படியே போனது. பிறகு ஒரு மத்தியானம், நான் சொல்லாமலே பாயை இழுத்துக்கொண்டு வந்தாள். படுத்தாள். உறங்கினாள். நானும் உறங்கினேன். செத்தவன் மாதிரி உறங்கினேன்.

"இனி வேணாம் அம்மான், நான் நேரத்துக்குப் போறன்" என்றேன். "நீ கிட" என்றார். அறுவடை வரை அந்திக் காவல் அவருடையது. வீட்டில் படுத்திருந்தால் அவருடைய கூச்சல் கேட்கும். ஓயாமல் கத்துவார், பாடுவார், தகரத்தில் அடிப்பார். நான் போன பிறகும் இறங்கமாட்டார், விடியும் வரை பரணிலேயே இருப்பார். இவ்வளவு எதற்கு என்று நினைப்பேன். யானை இறங்கவில்லை. போடியார் வேறு ஆள் தேடவில்லை.

சூடு மிதித்த பிறகு ஒரு நாள் அவருடைய தங்கச்சி சொன்னாள். "அண்ணனுக்கு மாலைக்கண். பொழுது பட்டா அவருக்கு ஒண்டும் தெரியாது."

அவரிடம் போனேன். "ஆனைய எப்பிடி அம்மான் பார்த்தீங்க?"

"நான் எங்க பார்த்தன்? எனக்குக் கண் தெரியாதெண்டு ஆனைக்குத் தெரியாதுதானே" என்றார்.

அந்தப் போகம் நானும் என் பிள்ளையும் நிம்மதியாக உறங்கினோம். கண் தெரியாத ஒரு மனிசன் எங்களுக்காக இருட்டில் விழித்திருந்தார்.