அவள் கை படாத பை

"வயிறு முட்டச் சாப்பிடாதீங்க. இன்னைக்கு உங்களை விமானத்துல இருந்து தள்ளிவிடப் போறாங்க," என்றாள் மனைவி, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

அவர் கையிலிருந்த கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"யாரு?"

"அதுக்குன்னு ஆள் இருக்காங்க. சும்மா இல்ல, பாராசூட் கட்டித்தான். உங்க பிறந்தநாள் பரிசு."

அவர் லிஃப்ட் பரிசோதகர். எந்தக் கட்டடத்தில் புது லிஃப்ட் போட்டாலும், அவர் வந்து கம்பிக் கயிற்றை இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் ஏறலாம். எல்லாம் சரியாக இருந்தாலும் "எதுக்கும் இன்னொரு தரம் பாத்துடுவோம்" என்பார். அலுவலகத்தில் அவருக்கு 'இன்னொருதரம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற மனுஷனை வானத்திலிருந்து குதிக்கச் சொல்கிறாள் கட்டியவள். இதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

சும்மா படவில்லை. ஆறேழு மாதமாகவே அவள் போக்கு சரியில்லை. சனிக்கிழமை விடிந்தால் கிளம்பிவிடுகிறாள். எங்கே என்று கேட்டால், "ஒரு வேலை பழகிட்டு இருக்கேன். தேறிட்டாச் சொல்றேன். தேறலைன்னா நீங்க கிண்டல் பண்ணியே உயிரை எடுப்பீங்க" என்று மழுப்புகிறாள். திரும்பி வரும்போது முழங்கால் இரண்டும் சிவந்து கன்றிப்போயிருக்கின்றன. கைப்பையில் கை விட்டால் கொத்துக் கொத்தாக ரப்பர் பேண்ட். கல்யாணமான நாளிலிருந்து போர்வையைச் சுருட்டி மூலையில் எறிகிறவள், இப்போது அதன்மேல் மண்டியிட்டு, அமுக்கி, உருட்டி, மூட்டையாக்குகிறாள். கதவிடுக்கில் நின்று அதைப் பார்த்த அன்று, ஆளை மூட்டை கட்டப் பழகுகிறாளோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"லேஸ் கட்டுற ஷூவாப் போட்டுக்கோங்க," என்றாள் அவள். "மூக்கடைப்பு இருக்கா? இருந்தா மேல போனதும் காது வலிக்கும். எடை கேட்டா மறைக்காமச் சொல்லுங்க."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"சொன்னாங்க."

அந்தச் 'சொன்னாங்க'வுக்கு ஒரு மீசை இருக்கும் என்று அவருக்கு உள்ளுக்குள் பட்சி சொல்லியது.

வரமாட்டேன் என்று சொல்லலாம்தான். பயந்தாங்கொள்ளி என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். அதைவிட, அங்கே இருப்பவர்களே தன்னை வேண்டாம் என்று திருப்பி அனுப்பும்படி செய்துவிடுவது உத்தமம். ஆகவே அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நேர் எதிராக நடப்பது என்று தீர்மானித்தார். தட்டிலிருந்த ரொட்டி அத்தனையையும் காலி செய்தார். காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். எடை விஷயத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி. ஓரத்தில் தகரக் கொட்டகை. அதன் முன்னால், சாயம் போன சிறிய விமானம் ஒன்று. கொட்டகையிலிருந்து ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. அவரைச் சட்டையே செய்யாமல் தாண்டிப்போய் அவள் காலைச் சுற்றிச்சுற்றி வந்தது.

"தெருநாய்ங்க எல்லாம் உன்கிட்ட நல்லாத்தான் பழகுது," என்றார் அவர்.

"பிஸ்கட் போடுவேன்ல," என்றாள் அவள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

வாசல் மேஜையில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி உட்கார்ந்திருந்தாள்.

"எடை எவ்வளவு சார்?"

"நூத்தி முப்பது கிலோ."

அவள் கண்ணாடியைக் கீழே இறக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தத் தராசுல ஏறுங்க."

ஏறினார். முள் எழுபத்திரண்டைத் தாண்ட மறுத்துவிட்டது.

"எல்லாரும் குறைச்சுத்தான் சொல்வாங்க. கூட்டிச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்," என்றாள் மேஜைக்காரம்மா. பிறகு அவர் காலைப் பார்த்தாள். மேஜைக்கு அடியிலிருந்து லேஸ் வைத்த ஷூ ஒரு ஜோடியை எடுத்துப் போட்டாள். "பயிற்சியாளரோடது. போட்டுக்கோங்க."

காலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அடுத்து ஒரு தாளை நீட்டினாள். உயிருக்கு என்ன நேர்ந்தாலும் யாரும் பொறுப்பில்லை என்று அதில் எழுதியிருந்தது. ஒருமுறை படித்தார். இன்னொரு தரமும் படித்தார்.

"யாரும்னா, யார் யாரு?"

"எல்லாரும்தான் சார்."

கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார். மனைவி தன் பேனாவை எடுத்து, மூடியையும் கழற்றி, தயாராக நீட்டினாள்.

பயிற்சியாளர் வந்தார். நினைத்தது சரி, நல்ல அடர்த்தியான மீசை. "வாங்க மேடம்," என்று முதலில் அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "இவருதானா?" என்றார்.

அந்தத் 'தானா' அவரை என்னவோ செய்தது.

"ரொம்பச் சுலபம் சார்," என்றார் மீசை. "பாராசூட் பை என் முதுகுல இருக்கும். உங்களை எனக்கு முன்னால வாருல சேத்துக் கட்டிடுவேன். குதிச்சதும் வில்லு மாதிரி வளையணும். தரைக்கு வரும்போது காலை நல்லாத் தூக்கிக்கணும். அவ்வளவுதான். பாய்ல குப்புறப் படுத்துப் பழகுங்க பாக்கலாம்."

படுத்தார். உள்ளே போன ரொட்டி அத்தனையும் ஒன்றுகூடி அவரைப் படகாக்கிவிட்டிருந்தன. வில்லாக வளைய முயன்றபோது இப்படியும் அப்படியும் ஆடினார். மீசை அவர் இடுப்பைப் பிடித்து நிறுத்தினார். ஏப்பம் ஒன்று கொட்டகை முழுக்கக் கேட்டது.

எழுந்து பார்த்தால், மனைவி ஒரு பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிறாள்.

"இதுதாங்க உங்களுக்கு," என்றாள். குழந்தையைத் தூங்கப்பண்ணுகிற மாதிரி அதைத் தட்டிக்கொடுத்தாள். அவள் கண்ணில் அப்படி ஒரு பளபளப்பு.

அவர் தொழிலில் ஒரு விதி உண்டு. லிஃப்டை மாட்டியவனே அதற்குச் சான்று தரக்கூடாது. சம்பந்தப்பட்டவர் கை பட்ட எதுவும் செல்லாது.

"இது வேண்டாம்," என்றார்.

"ஏன் சார்?" என்றார் மீசை.

"இவ கை பட்டது வேண்டாம். உள்ள அலமாரியில அடுக்கியிருக்கே, அதுல ஒண்ணு எடுங்க."

அவள் முகம் வாடிப்போயிற்று. அவருக்கும் மனசு சுருக்கென்றது. ஆனாலும் உயிர் என்று ஒன்று இருக்கிறதே.

"சார், இங்க இருக்குறது எல்லாமே..." என்று தொடங்கினார் மீசை. மனைவி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

"விடுங்க. அவர் இஷ்டப்படியே எடுத்துக்கட்டும்."

கண்ணைக் காட்டியதை அவர் பார்த்துவிட்டார். விடுவிடுவென்று அலமாரிக்குப் போய், மேலே இருந்ததை எடுத்தார்.

"நல்ல பைதான்," என்றாள் அவள் பின்னாலிருந்து.

அவள் நல்லது என்றால் அதில் ஏதோ இருக்கிறது. திருப்பி வைத்துவிட்டு அடியில் இருந்ததை உருவினார். மேலே இருந்தவை சரிந்து காலில் விழுந்தன.

"அதுவும் நல்லதுதான்."

அதையும் போட்டுவிட்டு, சரிந்து கிடந்ததில் ஒன்றைத் தூக்கினார்.

"அதுக்கென்ன, தாராளமா எடுத்துக்கோங்க."

கடைசியில், சுவரோரம் ஆணியில் தனியாகத் தொங்கிய ஒரு பையைக் கழற்றினார். "இது?"

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேஜைக்காரம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

"இதுதான். இதைத் தவிர வேறெதுலயும் நான் வரமாட்டேன்."

மீசை அதை வாங்கி, வார்களையும் கொக்கிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, முதுகில் மாட்டிக்கொண்டார்.

விமானம் தடதடவென்று மேலே ஏறியது. கீழே கொட்டகை தீப்பெட்டியளவு ஆயிற்று. அதன் பக்கத்தில் அவள் கையசைத்துக்கொண்டு நிற்பது புள்ளியாகத் தெரிந்தது. பயத்தைவிட அவருக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. சட்டை எந்தப் பீரோவில் இருக்கிறது என்பதுகூட அவளைக் கேட்டால்தான் அவருக்குத் தெரியும். ஜுரம் வந்தால் அவள் கை நெற்றியில் பட்டால்தான் தூக்கம் வரும். சாவது கிடக்கட்டும், அவளுக்கு எப்படி மனசு வந்தது என்பதுதான் அவரைப் போட்டு அறுத்தது.

அப்போதுதான் பொறி தட்டியது. பை இருப்பது மீசையின் முதுகில். அவள் கொடுத்த பையோடு குதித்திருந்தால் மீசையும் சேர்ந்துதான் போயிருப்பார். அப்படியானால் இவர் கூட்டாளி இல்லை. பாவம், இவரும் பலியாடு.

"உங்களையும் சேத்துத்தான் முடிக்கப் பாத்திருக்கா," என்று இரைச்சலை மீறிக் கத்தினார்.

"என்ன சார்?"

"நான்தான் பையை மாத்தி உங்களைக் காப்பாத்தினேன்."

"ரொம்ப நன்றி சார். வளையுங்க," என்று மீசை அவரோடு சேர்ந்து கதவுக்கு வெளியே சாய்ந்தார்.

ஐயோ என்று அலறினார். காற்று அந்த ஐயோவை அவர் வாய்க்குள்ளேயே திருப்பித் திணித்தது. கன்னம் இரண்டும் காதுவரை போய் அடித்துக்கொண்டன. வில்லாவது வளைவதாவது, அவர் சுருண்ட சுருளில் மீசைதான் அவர் காலைத் தன் காலால் பின்னுக்குத் தள்ளவேண்டியதாயிற்று. பிறகு தோளைப் பிடித்து யாரோ மேலே தூக்கியதுபோல் ஒரு இழுப்பு. சத்தம் எல்லாம் அடங்கிப்போயிற்று.

கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே துணி கொழுகொழுவென்று விரிந்து நின்றது. ஒரு கயிறு இன்னொரு கயிற்றோடு சிக்கவில்லை. எந்த லிஃப்டையும் வாய்விட்டுப் பாராட்டாத அவர் முதல்தடவையாக வாய் திறந்தார்.

"இதை மடிச்சது யாரோ, வேலை தெரிஞ்ச ஆளு. இன்னொரு தரம் பாக்கத் தேவையில்ல."

"சொல்லிடறேன் சார். காலைத் தூக்குங்க," என்றார் மீசை.

புல்லில் உட்கார்ந்தபடி வந்து இறங்கினார்கள். தூரத்தில் மனைவி தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் மேஜைக்காரம்மா ஜீப்பில் வந்து சேர்ந்துவிட்டாள். அவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, அவ வர்றதுக்குள்ள சொல்லிடறேன். முதல்ல எனக்குக் கொடுத்தாளே ஒரு பை, அதைப் பிரிச்சுப் பாருங்க, விஷயம் வெளிய வரும். நான் உயிரோட இருக்கேன்னா அது இந்தப் பையை மடிச்ச புண்ணியவானாலதான். அவர் யாருன்னு காட்டுங்க, கால்ல விழுந்து கும்பிடணும்."

மேஜைக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புல்வெளியைக் காட்டினாள்.

"அதோ மூச்சிரைக்க ஓடி வர்றாங்களே சார், அவங்க கால்ல விழுங்க. போன மாசம் பாராசூட் மடிக்கிற பரீட்சையில தேறினதுல இருந்து, இங்க எந்தப் பையை எடுத்தாலும் உங்க வீட்டம்மா மடிச்சதுதான்."