காதால் பார்த்த மெமரி

தனகோடிக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்திலாவது பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டான். கல்யாணமான எட்டு வருஷத்தில் இது அவனுடைய நாற்பதாவது இறுதி முடிவு.

விஷயம் கம்ப்யூட்டர் மெமரி. தனகோடி சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். வேகம் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால் பின்சீட்டிலிருந்து புகார் போய்விடும். அந்த ஏக்கத்தையெல்லாம் வீட்டுக்கு வந்து கார் ரேஸ் கேமில் இருநூறில் தீர்த்துக்கொள்வான். மூன்று மாதம் முட்டி மோதி ஒன்பதாவது ரவுண்டுக்கு வந்திருந்தான். அதே கம்ப்யூட்டரில்தான் மனைவி வசுமதி ஸ்டூடியோக்களுக்குக் கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கிறாள். நாலு போட்டோ திறந்தால் போதும், மாப்பிள்ளை கையில் தாலியோடு அப்படியே நின்றுவிடுவார்.

செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஏசுபாதம் இரண்டு மெமரியோடு வந்தான்.

“அண்ணாத்த, சின்னது வேகம். பெருசு கொஞ்சம் நிதானம், ஆனா நெறைய புடிக்கும். மாட்ட எடம் ஒண்ணுதான் கீது. எது வேணும்?”

“வேகம்!”

“பெருசு!” என்றாள் வசுமதி.

“லாரிகூடப் பெருசுதான். முந்துதா?”

“கல்யாண கோஷ்டிய பைக்ல ஏத்திகினு போவியா?”

தனகோடி பிரம்மாஸ்திரத்தை எடுத்தான். எந்த இன்ஜினாக இருந்தாலும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிறவன் அவன். அந்தப் பெருமை அவனுக்கு நிறையவே உண்டு.

“ரெண்டையும் போட்டுக் காட்டு. எது நல்லதுன்னு என் காது சொல்லும்.”

“சரி மாமா,” என்றாள் வசுமதி. “நானே மாட்டிக்கறேன், நீங்க ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க. எது எதுன்னு சொல்ல மாட்டேன். நீ எத நல்லாக்கீதுன்றியோ அப்டியே வச்சிக்கலாம். அப்பறம் பேச்சு மாறக் கூடாது.”

“மாறினா என் பேரு தனகோடி இல்ல! ஏசுபாதம், நீதான் சாட்சி.”

முதல் தடவை அவள் கூப்பிட்டதும் தனகோடி கம்ப்யூட்டர் பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் கேட்டான். போட்டோக்கள் நொண்டிக்கொண்டு வந்தன.

“தூ! மாட்டு வண்டி. இதான் பெருசு. கழட்டு!”

பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை மாப்பிள்ளை, பெண், மாமனார், பந்தி என்று எல்லாரும் மளமளவென்று வந்து நின்றார்கள். தனகோடி துள்ளிக் குதித்தான்.

“இதான்! சத்தத்தக் கேட்டியா, வெண்ண மாரி வழுக்குது! இப்டியே வுட்ரு. எதையும் மாத்தக் கூடாது!”

“எதையுமா மாமா?”

“எதையுமே!”

ஏசுபாதம் கழற்றிய மெமரியை எடுத்துக்கொள்ளலாம் என்று மேசைப் பக்கம் போனவன் விழித்தான். இரண்டுமே கவர் பிரிக்காமல் கிடந்தன.

“இன்னா அண்ணி, ரெண்டும் இங்கியே கீது?”

“பிரிச்சா நீ வாபஸ் எடுக்க மாட்டியே. அதான் எதையும் மாட்டல.”

தனகோடி கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். “அப்ப அந்த வேகம்?”

“உன் கார் கேமத்தான் அழிச்சேன். பாதி எடத்த அதுதான் அடச்சிகினு இருந்துச்சி.”

ஒன்பது ரவுண்டு! தனகோடி சாட்சியைப் பார்த்தான். சாட்சிக்கு வேறு கவலை.

“அப்ப எனக்கு வியாபாரமே இல்லியா அண்ணி?”

“ஏன் இல்ல? உங்க அண்ணாத்த வேகமானத வாங்கிக்கட்டும்,” என்றாள் வசுமதி. “எத ஓட்றதுக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லு.”