மூன்றாவது சுழி

இதை நான் சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஊசியில் நூல் கோப்பேன், கதையில் சொல் கோத்துப் பழக்கமில்லை. அதிலும் இது ஒரு பெயரைப் பற்றிய கதை. ஓர் எழுத்துத் தப்பினாலும் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். ஏற்கனவே ஒருமுறை நின்றிருக்கிறார். அதனால் அந்தக் குழந்தையை நான் குட்டி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். குட்டியில் தப்புப் பண்ண ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ரப்பர் முத்திரை செய்யும் கடையில் வேலை. தெருவே அவரை 'முத்திரை' என்றுதான் கூப்பிடும். பத்தொன்பது வருஷமாக எழுத்துகளை இடம் வலம் மாற்றிச் செதுக்கிச் செதுக்கி, அவருக்கு நேராக இருக்கிற எழுத்தைப் படிப்பதைவிடக் கண்ணாடியில் தெரிகிற எழுத்தைப் படிப்பது சுலபம். முடிவெட்டும் கடையில் உட்கார்ந்தால் எதிர்க் கண்ணாடியில் எதிர்க் கடைப் பலகையைப் படித்து, "ஒரு புள்ளி விட்டுப்போச்சு" என்பார். பாதி மீசையோடு எழுந்துபோய்ச் சொல்லிவிட்டும் வருவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள், ஒன்பது வயது. அவள் பெயரில் மூன்று சுழி எழுத்து ஒன்று வருகிறது. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் அதை இரண்டு சுழியாக எழுதினார்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இரண்டு. மருத்துவர் கொடுத்த அட்டையில் இரண்டு. நூலகத்தில் இரண்டு. கடைசியாக, குட்டி நீச்சலுக்குக் கொண்டுபோகும் துண்டில் நான் தைத்துக் கொடுத்ததிலும் இரண்டு.

துண்டோடு வந்துவிட்டார் முத்திரை.

"அக்கா, இது என்ன?"

"துண்டு."

"துண்டு தெரியுது. துண்டுல என்ன?"

"பாப்பா பேரு."

"சுழியை எண்ணுங்க."

எண்ணினேன். இரண்டு வந்தது. பயத்தில் மறுபடி எண்ணினேன். கூடவில்லை.

"நூல் தீர்ந்துபோச்சா அக்கா? சொல்லியிருந்தா நான் வாங்கிட்டு வந்திருப்பேனே."

"உங்க வீட்டுல எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத்தான் தம்பி..."

அதற்குள் அவர் படியிறங்கிப் போய்விட்டார். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் சாக்குச் சொல்வார்கள் என்பது அவர் கட்சி.

அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. குட்டி குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிற்காமல் நீந்திவிட்டாளாம். சனிக்கிழமை மேடையில் சான்றிதழ் கொடுக்கிறார்களாம். குட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவுமா? முதல் வருஷம் முழுக்கப் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். இரண்டாம் வருஷம் பாதிக் குளத்தைக் குடித்தாள். மீதிப் பாதியைத்தான் இப்போது நீந்தியிருக்கிறாள்.

முத்திரை கடிதத்தில் நீச்சலைப் படிக்கவில்லை. சுழியைப் படித்தார்.

"பாரு, வாழ்த்துச் சொல்ற கடுதாசிலயே கைவரிசையைக் காட்டியிருக்காங்க."

"விடுங்க. நீந்தினது உங்க பொண்ணு. சுழி நீந்தலை," என்றாள் மனைவி, தட்டில் சோற்றை வைத்தபடி.

"ஒரு சுழி குறைஞ்சா அது வேற பேரு. வேற யாரோ நீந்தின மாதிரி."

"அவ தலையில ரெண்டு சுழி இருக்கு. அதுல ஒண்ணை எடுத்துச் சேர்த்துக்குங்க."

"நீ சிரி. நான் முடிவு பண்ணிட்டேன். சனிக்கிழமை ரெண்டு சுழியோட சான்றிதழ் கொடுத்தாங்கன்னா, நானே மேடை ஏறி, இது எங்க வீட்டுப் பிள்ளையோடது இல்லன்னு திருப்பிக் கொடுத்துட்டு வருவேன்."

குட்டியின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"அப்பா, அது என் சான்றிதழ்."

"உன் பேருக்காகத்தாம்மா போராடறேன்."

"தண்ணிக்குள்ள எனக்குப் பேரே ஞாபகம் வரலப்பா."

முத்திரை காதில் அது விழவில்லை. மனைவி காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் பார்த்தபோது, குட்டி அந்தக் கடிதத்தைச் சுருட்டித் தன் நீச்சல் பையின் அடியில் ஒளித்துக்கொண்டிருந்தாள். எங்கே அப்பா கடிதத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று.

மறுநாள் முத்திரைக்கு மூளையில் மின்னல் அடித்தது. ஊருக்கே முத்திரை செய்கிறவன் சொந்த மகளுக்கு ஒன்று செய்தால் என்ன? பெயரைச் செதுக்கிப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டால் யாரும் பேனாவைத் தொடவே வேண்டாம். குத்தினால் மூன்று சுழி. தூக்கத்தில் குத்தினாலும் மூன்று சுழி.

ஆனால் கடையில் சட்டங்கள் உண்டு. ஒன்று, தன் குடும்பத்துக்கான முத்திரையைத் தானே செய்யக்கூடாது, கூட வேலை செய்பவர்தான் செய்ய வேண்டும். இரண்டு, சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முத்திரை. ஒரு வக்கீல், தான் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் கடையில் நின்று கத்தினார். அதற்கப்புறம் ஒரு பலகை எழுதி மாட்டினார்கள். 'சீட்டில் உள்ளபடியே செய்யப்படும். படித்துப் பார்த்துக் கையெழுத்திடவும். பிறகு புகார் ஏற்கப்படாது.' வாசகத்தை யோசித்தவர் நம் முத்திரை. எழுதியவரும் அவரே. தன் நாற்காலிக்கு நேர் மேலே ஆணியடித்தவரும் அவரே.

"பேர் முத்திரைக்குப் பிறப்புச் சான்றிதழோட நகலும் வேணும். உங்களுக்கும் அதேதான்," என்றார் முதலாளி.

"வேணும்தானே. சட்டம்னா சட்டம்," என்றார் முத்திரை பெருமையாக.

சீட்டை எழுதி நகலைச் சேர்த்து வைக்கும்படி மனைவியிடம் சொன்னார். புதன்கிழமை காலை ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் அவசரமுமாக நின்றவரிடம் அவள் காகிதத்தை நீட்டினாள்.

"படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க."

"பேனா எங்க?"

"இந்தாங்க. முதல்ல படிச்சுப் பாருங்க."

"உன் எழுத்துல என்ன இருக்கு படிக்க? பஸ் போயிடும்."

"மூணாவது தடவை சொல்றேன். படிச்சுப் பாருங்க."

"நீ எப்ப எங்க கடைப் பலகை ஆனே?"

சுவரில் வைத்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினார். அவள் சீட்டை மடித்து, நகலோடு உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டி, ஜன்னல் வழியாக அவர் கையில் கொடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை என்பதை நானே என் வீட்டுக் குழாயடியிலிருந்து பார்த்தேன். சிரிப்பை அடக்குகிற முகம் அப்படித்தான் இருக்கும் என்று பிறகுதான் புரிந்தது.

வியாழக்கிழமை ரப்பர் முத்திரை தயார். பெட்டியில் வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டார் கூட வேலை செய்பவர். வேறு யாருடையதாக இருந்தாலும் நம் முத்திரை அந்தப் பெட்டியைப் பிரித்து, ரப்பரைக் கண்ணருகே வைத்து, இடம் வலம் மாறிய எழுத்தை ஒரே பார்வையில் படித்திருப்பார். ஆனால் இது மகளுடையது. பள்ளிக்கூடத்தில்தான் பிரிக்க வேண்டும், முதல் அச்சு அங்கேதான் விழ வேண்டும் என்று ஆசை. அரை நாள் விடுப்புப் போட்டார். சட்டையை இஸ்திரி போட்டார். கிளம்பினார்.

பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் அம்மா மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இனி நீங்க கஷ்டப்பட வேண்டாம். என் மக பேரு வர்ற இடத்துல எல்லாம் இதைக் குத்திடுங்க."

"பேனாவுக்கு என்ன குறை சார்?"

"பேனாவுக்குக் குறை இல்ல. சுழிக்குத்தான் குறை."

"நாங்க பதிவுல இருக்கறபடிதான் சார்..."

"இதையேதான் நாலு வருஷமாச் சொல்றீங்க. சனிக்கிழமைச் சான்றிதழ் எங்க?"

எழுத்தர் அம்மா ஒரு கட்டிலிருந்து எடுத்து வைத்தார். தங்க நிறக் கரை. நடுவில் பெயருக்கு மட்டும் வெற்றிடம். முத்திரை பெட்டியைப் பிரித்தார். மைப்பெட்டியில் ஒற்றினார். மூச்சை இழுத்துப் பிடித்தார். பத்தொன்பது வருஷ அனுபவத்தையும் ஒரே அமுக்கில் இறக்கினார். கோணல் இல்லை, கசிவு இல்லை, கொட்டை கொட்டையாக விழுந்தது.

எழுத்தர் அம்மாவுக்கு அதற்குள் கண்ணாடி கிடைத்துவிட்டது. குனிந்து பார்த்தார்.

"அழகா விழுந்திருக்கு சார். நாங்க எழுதறதும் இதேதானே?"

முத்திரை எண்ணினார். இரண்டு. ரப்பரைத் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் இரண்டு. அங்கேயே நின்று கடைக்குத் தொலைபேசி போட்டார்.

"முதலாளி, அந்த ஆளு வேலையைக் கெடுத்துட்டான். ஒரு சுழியை முழுங்கிட்டான்."

"இருங்க, சீட்டை எடுக்கறேன். ம். சீட்டுல ரெண்டு சுழி. நகல்லயும் ரெண்டு. கீழ உங்க கையெழுத்து."

"அது... அவசரத்துல..."

"உங்க நாற்காலிக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்கட்டுமா?"

"வேண்டாம்," என்றார் முத்திரை.

வீட்டுக்கு வந்த வேகத்தில் தெருநாய் இரண்டு ஒதுங்கி வழிவிட்டன. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு பழைய காகிதம், பறக்காமலிருக்க மேலே ஒரு தம்ளர்.

"சீட்டுல ரெண்டு சுழி போட்டது நீதானே?"

"நகலைப் பார்த்து எழுதினேன்."

"நகல் தப்பு. பதிவு ஆபீஸ்காரன் தப்பாப் பதிஞ்சிருக்கான். நாளைக்கே போய் அவனை..."

"அவர் விண்ணப்பத்தைப் பார்த்துப் பதிஞ்சார்."

"அப்ப விண்ணப்பம் தப்பு. எந்த மடையன் அதை நிரப்பினான்?"

அவள் தம்ளரை எடுத்தாள். காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். குட்டி பிறந்த அன்று மருத்துவமனையில் நிரப்பிய விண்ணப்பத்தின் நகல். எழுத்துகள் குண்டு குண்டாக, வால் மட்டும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து இருந்தன. உலகத்தில் ஒரே ஒருவர்தான் அப்படி எழுதுவார். அவர் அந்த நேரம் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அன்னைக்கு ரொம்பச் சந்தோஷமா இருந்தீங்க. கையெல்லாம் நடுங்கிச்சு," என்றாள் மனைவி. "அடுத்த வரியையும் படிங்க. தாயின் பெயர்."

படித்தார். அதில் ஒரு கால் குறைந்தது.

"அதுக்கடுத்த வரி, தகப்பன் பெயர். அது மட்டும் சரியா இருக்கு."

முத்திரை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப. மாத்தணும்னா ஆறு மாசம் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கணும்னாங்க. ஏறின ஆபீஸ்ல எல்லாம் நீங்க சுழி எண்ணுவீங்க. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருந்தாப் போதும்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன். டாக்டருக்கு, நூலகத்துக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு."

"நாலு வருஷமா என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா? உங்களுக்குச் சீட்டும் கையெழுத்தும் வேணுமே."

கதவுக்குப் பின்னாலிருந்து குட்டி எட்டிப் பார்த்தாள். தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, சனிக்கிழமை திருப்பிக் கொடுத்துடுவீங்களா?"

முத்திரை தன் கட்டைவிரலைப் பார்த்தார். மை காயவில்லை.

"நானே குத்தினதை நானே எப்படிம்மா திருப்பறது?"

"அப்ப ரெண்டு சுழியே இருக்கட்டும்பா. பரீட்சையில சீக்கிரம் எழுதி முடிச்சிடலாம்."

சனிக்கிழமை குட்டி மேடையேறினாள். முன் வரிசையில் ஒருவர் கை சிவக்கத் தட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, "போதும், அடுத்த பிள்ளை வந்துட்டா" என்று கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் முத்திரை என் வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"அக்கா, அன்னைக்குத் துண்டு விஷயமாக் கத்திட்டேன். நீங்க தைச்சதுதான் சரி. ரெண்டு சுழிதான்."

அவர் கத்திவிட்டுப் போன மறுநாளே நான் குட்டியிடம் துண்டைக் கேட்டு வாங்கி, மூன்றாவது சுழியைச் சேர்த்துத் தைத்து, அவருக்குக் காட்டவென்று இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். அது அவருக்குப் பக்கத்திலேயே மடித்து இருந்தது. மெதுவாக அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் போனதும் பெயர் முழுவதையும் பிரித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மீன் தைத்துக் கொடுத்தேன். மீனுக்குச் சுழி கிடையாது.

நான் இதை எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டு நேற்று மறுபடி வந்தார். தாள்களைப் புரட்டினார்.

"எல்லாம் சரிக்கா. ஆனா முதல்லேர்ந்து கடைசிவரை என் மக பேரையே காணோமே?"

பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே எழுதிடுங்க தம்பி."

அவர் பேனாவைப் பார்த்தார். தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் மனைவி நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.