கஞ்சிக்கோடு பிளவுஸ் கிளாஸ்

"நிறுத்துங்க இத்தா," என்று போனைத் தாழ்த்தினாள் ஜின்சி. "இப்ப நீங்க பேசினது தமிழா, மலையாளமா?"

ஹஸீனா கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி யோசித்தாள். 'துணியை மடக்கி, கொறச்சு ஒதுக்கி வெய்யுங்க, மனசிலாச்சுங்களா' என்று சொன்னது நினைவிருந்தது. அது என்ன பாஷை என்று, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்தக் கேரளத்துக் கஞ்சிக்கோட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. தமிழில் தொடங்கி, மலையாளத்தில் நடந்து, 'ங்க'வில் வந்து உட்காருவதுதான் இங்கே பேச்சு.

"எப்பவும் பேசறதுதான் பேசினேன். ஏன்?"

"இது ஆன்லைன் கிளாஸ் இத்தா. வெளியூர்க்காரங்களும் பார்ப்பாங்க. இப்படிப் பேசினா யாருக்குப் புரியும்?"

ஜின்சி பக்கத்து மொபைல் கடைக்காரி. ஆன்லைன் வகுப்பு யோசனையே அவளுடையதுதான். ஹஸீனா தைத்த பிளவுஸ் என்றால் வாளையாறு தாண்டியும் பெயர் உண்டு. அதையே பாடமாக்கிவிடலாம் என்று ஜின்சி சொன்ன நாளிலிருந்து ஹஸீனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரிங் லைட் வந்துவிட்டது. தையல் அறைச் சுவர் ரோஜா நிறமாகிவிட்டது.

அந்த அறைமேல்தான் அவள் கணவன் அஷ்ரஃபுக்கும் ஒரு கண். அவனுடைய மளிகைக் கடையை ஒட்டிய அறை அது. அரிசி மூட்டை அடுக்கத் தோதானது.

"வெள்ளிக்கிழமை கிளாஸ் தொடங்கறப்ப பத்துப் பேர் சேர்ந்திருந்தா ரூம் உனக்கு," என்றான். "இல்லீன்னா என்ர பொன்னி அரிசிக்கு."

"இருபது பேரே வருவாங்க, பாருங்க."

"சரி, சேர்றதுக்கு ஸ்கேன் பண்ற சீட்டுல ஒண்ணு குடு."

"உங்களுக்கு எதுக்குங்க அது?"

"அரிசி மூட்டையில ஒட்டறதுக்கு."

அவன் சிரித்துக்கொண்டே சீட்டைச் சட்டைப் பையில் வைத்தான். ஹஸீனாவுக்கு ரோஷம் பொங்கியது.

முதலில் மலையாளத்திலேயே ஒரு வீடியோ போட்டாள். திருச்சூர்ப் பெண்மணி ஒருத்தி, 'சேச்சி தமிழ் பேசுவது கேட்க என்ன ரசம்' என்று எழுதினாள். யாரும் சேரவில்லை.

அடுத்து சுத்தத் தமிழ். "அன்பான மாணவியரே, துணியை இரண்டாக மடித்துக்கொள்ளவும்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். கோயம்புத்தூரிலிருந்து பதில் வந்தது: 'அக்கா, பிளவுஸ் எப்பங்க வரும்? செய்தி முடிஞ்சதும்ங்களா?'

வியாழக்கிழமை ஜின்சிக்கு இன்னொரு யோசனை உதித்தது. "ஒரே லைவ்ல ரெண்டும் சொல்லிருவோம் இத்தா. ஒவ்வொண்ணையும் மொதல்ல மலையாளத்துல, அப்புறம் தமிழ்ல."

வெட்டிக் காட்டத் துணி மிச்சமில்லை. அலமாரியில் மாமியார் கைருன்னிசா பெருநாளுக்கு வைத்திருந்த கிளிப்பச்சைத் துணி மட்டும் இருந்தது.

"மாமிகிட்ட கேட்டீங்களா?"

"எப்படியும் நான்தானே தெச்சுக் குடுக்கணும்? இன்னைக்கே தெச்சுக் குடுத்துர்றேன்."

லைவ் தொடங்கியது. மலையாளத்தில் கழுத்து வெட்ட வேண்டிய இடத்தைச் சொல்லி, வெட்டினாள். பிறகு தமிழில் "இப்போது கழுத்தை வெட்டவும்" என்று சொல்லி, இருந்த உற்சாகத்தில் மறுபடியும் வெட்டினாள். பெருமையோடு துணியைப் பிரித்துக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கழுத்து இடுப்பு வரை இறங்கியிருந்தது.

சரியாக அப்போது சாயாவோடு உள்ளே வந்தார் கைருன்னிசா.

"எந்தாடி இது? கழுத்தா, கெணறா? இதுக்குள்ள நான் தலையை விடறதா, காலை விடறதா?"

"மாமி, மெல்லப் பேசுங்க. லைவ் போயிட்டிருக்கு."

"போகட்டும். மாமிக்கு நீ தெச்ச லட்சணம் நாட்டுக்கே மனசிலாகட்டும்."

சத்தம் கேட்டு அஷ்ரஃப் ஓடி வந்தான். "உம்மா, கொறச்சு பொறுங்க" என்று அவன் இழுக்க, மாமி அவனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பயத்தில் ஜின்சி லைவை நிறுத்தவே மறந்துபோனாள்.

போயிற்று, அறை அரிசிக்குத்தான் என்று ஹஸீனா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ஜின்சி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "இத்தா, பதினொரு பேர் சேர்ந்துட்டாங்க." அவள் சொல்லி முடிப்பதற்குள் அது பத்தொன்பது ஆனது. மறுநாள் காலையில் முப்பதைத் தாண்டிவிட்டது. அஷ்ரஃப், முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருந்த இரண்டு மூட்டைகளைத் திரும்பத் தூக்கிப் போனான்.

வெள்ளிக்கிழமை. ஹஸீனா புதுத் துப்பட்டா போட்டு லேப்டாப்பின் முன் அமர்ந்தாள். இன்னொரு துணி பறிபோகாமல் காவல் காக்க மாமியும் அருகிலேயே உட்கார்ந்துகொண்டார்.

திரையில் முதல் கட்டம் திறந்தது. ஒரு பெரிய மீசை. அடுத்ததில் தாடி. அதற்கடுத்ததில் இரண்டடுக்குக் கட்டிலில் பனியனோடு நான்கு பேர். மருந்துக்குக்கூட ஒரு பெண் இல்லை.

"லிங்க் மாறிப்போச்சா ஜின்சி?"

"நம்ம லிங்க்தான் இத்தா. தொடங்குங்க."

தடுமாற்றத்தில் மலையாளமும் மறந்தது, செய்தித் தமிழும் மறந்தது. "துணியை மடக்கி, கொறச்சு ஒதுக்கி வெய்யுங்க," என்றாள்.

"கொறச்சு ஒதுக்கி வெய்யுங்க," என்று அத்தனை பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். ஒருவர் கையிலும் துணி இல்லை. பேனாதான் இருந்தது.

"மனசிலாச்சுங்களா?"

"மனசிலாச்சுங்களா?"

வாசலிலிருந்து எட்டிப் பார்த்த அஷ்ரஃப், மீசைக்காரனைக் கண்டதும் உள்ளே வந்தான். "அட, நம்ம பிகாஷ். ஜார்க்கண்ட்காரன், இரும்புக் கம்பெனியில வேலை. தெனமும் கடைக்கு வருவான். அங்க ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத்தான்..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மூட்டையில ஒட்டறேன்னீங்க?" ஹஸீனா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் சுவரின் ரோஜா நிறத்தை ஆராயத் தொடங்கினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க பிகாஷ், நீங்கல்லாம் யாருக்குப் பிளவுஸ் தெக்கப் போறீங்க?"

பிகாஷ் பணிவாக எழுந்து நின்றான். "பிளவுஸ் வேண்டாம் தீதி. போன்ல தமிழ் ஆப் போட்டுப் படிச்சேன், மலையாளம் ஆப் போட்டுப் படிச்சேன், இந்த ஊர்ல ஒருத்தர் பேசறதும் புரியல. நேத்து மாமி திட்டினப்பதான் மொத தடவையா எல்லாம் மனசிலாச்சுங்க."