குணுக்கு அண்ணனின் தோல்வியற்ற காலம்

ஒரு ஆட்டம்கூட ஆடாமல் சீட்டாட்டத்தில் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் நல்லேப்பிள்ளியில் இருக்கிறார். பத்திரிகை நிருபரான நான் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன் என்பதால் இதை விசாரித்து எழுதவில்லை, பார்த்து எழுதுகிறேன்.

ஊருக்கு அவர் குணுக்கு அண்ணன். நாலு ஏக்கர் நெல், கொஞ்சம் தென்னை. பெயர்க்காரணம் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம். எங்கள் பக்கத்தில் அதைத் தெரியாதவர் இல்லை. நாலு பேர், எதிரெதிராக உட்காரும் இரண்டு ஜோடி. துருப்பை ஒருவர் கவிழ்த்து வைத்திருப்பார், மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். மோசமாகத் தோற்ற ஜோடி காதில் குணுக்குப் போட வேண்டும். குணுக்கு என்றால் தங்கமல்ல, பலா இலை. சுருட்டி, ஈர்க்குச்சி குத்தி, இரண்டு காதிலும் தொங்கவிட வேண்டும். அடுத்த ஆட்டத்தை ஜெயிக்கும்வரை கழற்றக்கூடாது.

மற்றவர்கள் இதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் அரசியல் சட்டமாக எடுத்துக்கொண்டார். இலையோடு சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவார். இலையோடு கிருஷி பவன் என்கிற விவசாய அலுவலகத்தில் உர மானியத்துக்கு வரிசையில் நிற்பார். ஒரு சாவு வீட்டுக்குக்கூட இலையோடு போய், துண்டை மட்டும் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றதாகச் சொல்வார்கள்.

அவருக்கு எதிரே உட்காரும் ஜோடி, மயில்சாமி. அண்ணன் மனைவி சரசக்காவின் தம்பி, அதாவது அண்ணனின் மைத்துனர். ஞாயிற்றுக்கிழமைதோறும் கிணற்று மோட்டார் ரூமில் இருவரும் பால் சொசைட்டிக்காரர்கள் இரண்டு பேரோடு ஆடுவார்கள். நான் குடிவந்த புதிதில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்கள் படுதோல்வி அடைந்து இலையோடு வீடு திரும்பியபோது, வாசலில் கார் நின்றது. மயில்சாமியை மாப்பிள்ளை பார்க்க கொழிஞ்சாம்பாறையிலிருந்து பெண் வீட்டார் வந்திருந்தார்கள். மறுவாரம் வருவதாகச் சொன்னவர்கள் நல்ல நேரம் பார்த்து முன்கூட்டியே வந்துவிட்டார்கள்.

மயில்சாமி சட்டென்று இலையைக் கழற்றிச் சாக்கடையில் போட்டார். அண்ணன் போடவில்லை. இரண்டு காதிலும் இலை ஆட, வந்தவர்களுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, மழை எப்படி என்று விசாரித்தார். பெண்ணின் தகப்பனார் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, காதில் என்ன வைத்தியம் என்று கேட்டார். அண்ணன் ஆட்டத்தின் விதிகளை முதலிலிருந்து விளக்கினார். முடிவில், நியாயமாகப் பார்த்தால் மாப்பிள்ளை காதிலும் இரண்டு இருக்க வேண்டும் என்றார்.

காப்பி ஆறுவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

“என்ற கல்யாணத்தையே கெடுத்துப்போட்டீங்க மச்சான்” என்றார் மயில்சாமி.

“நீ எலையக் கழட்டுனயா இல்லயா, அதச் சொல்லு மொதல்ல.”

அதுதான் இருவரும் கடைசியாகப் பேசியது. மயில்சாமி தேவிகுளத்துக்குப் போய் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்ட ஆரம்பித்தார். அங்கேயே எஸ்டேட்டில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு அண்ணன் போனார், பந்தியில் சாப்பிட்டார், மணமகனிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார். அதன்பிறகு மயில்சாமி இந்த வாசலை மிதிக்கவில்லை, பொங்கலுக்குக்கூட. சரசக்கா தம்பியிடம் தினமும் போனில் பேசுவார். பேசி முடித்ததும் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவார்.

அப்போதுதான் இருபத்தெட்டு போனில் வந்தது. அண்ணன் மாடியேறி வந்து, அதை ஏற்றித் தரச் சொன்னார். ஏற்றித் தந்தேன். திரையில் இரண்டு பொத்தான். ஒன்று ‘ஆடு’, இன்னொன்று ‘பார்’. அண்ணன் ‘பார்’ என்பதை அழுத்தினார். இரண்டு வருஷம் அதை மட்டுமே அழுத்தினார்.

ஏன் ஆடுவதில்லை என்று கேட்டேன்.

“ஆடித் தோத்தா கொணுக்குப் போட்டுடறது ஆருங்க தம்பி? போன் போட்டுடுமா? வெக்கமே இல்லாத ஆட்டம். பாத்துத் தேறிக்கலாம், அவ்வளவுதான்.”

தேறினார். சாப்பிடும்போது போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துத் தேறினார். வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வரப்பில் குந்தித் தேறினார். மடை உடைந்து பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போனபோது, பக்கத்து வயல்காரர் வந்து கத்தியதைக் கையமர்த்தி, “சித்த இருப்பா, துருப்பு கிளாவருன்னு நெனைக்கறேன்” என்றார். துருப்பு கிளாவர்தான். வேலந்தாவளம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனவர், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்த்துவிட்டு மாடில்லாமல் வந்தார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் திரையில் தன் கணக்கைக் காட்டுவார். ஆடியது பூஜ்யம், தோற்றது பூஜ்யம். “ஒரு தோல்வி இருக்குதா, நீங்களே பாருங்க” என்பார். அதற்கு யாரிடமும் பதில் இருந்ததில்லை.

சரசக்காவிடம் இருந்தது. ஒரு மத்தியானம் அண்ணன் வாழையிலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எதுவும் வரவில்லை.

“காத்தாலயிருந்து சமையலையே பாத்துட்டிருந்தேனுங்க” என்றார் அக்கா. “நல்லாத் தேறிட்டேன். அடுப்புத்தான் பத்த வெக்கல.”

எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. ஆயிரக்கணக்கான மேசைகள் இருக்க, அண்ணன் பார்த்தது ஒரே மேசையை. அதில் ஆடுபவரின் பெயர் ‘மயில் தேவிகுளம்’. இது யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். அப்படியானால் ஏன் இதே மேசை?

“அந்த மேசைல வெளிச்சம் நல்லாருக்குதுங்க.”

எல்லா மேசையும் ஒரே பச்சைப் படம்.

ஆட்டத்தைப் பார்த்தே அவர் தேவிகுளத்துச் செய்தி வாசிப்பார். சீட்டு திக்கித் திக்கி விழுந்தால் அங்கே மழை. கையில் சரக்கில்லாமல் இருபது புள்ளிக்கு ஏலம் கேட்டால் அன்றைக்குச் சவாரி இல்லை. இந்த ஆட்டத்தின் பெரிய சீட்டான ஜாக்கியை அவசரமாக இறக்கினால் சளி, தலைவலி. சமையலறை வாசலில் நின்று அக்கா இதைக் கேட்காத மாதிரி கேட்பார். பிறகு தம்பிக்குப் போன் போட்டு, சளிக்கு ஆவி பிடித்தாயா என்பார். தனக்குச் சளி என்று அக்காவுக்கு எப்படித் தெரிகிறது என்று மயில்சாமிக்கு விளங்கவே இல்லை.

மயில்சாமி மோசமான ஆட்டக்காரர் அல்ல, ஆனால் கோபக்காரர். எதிரே உட்காரும் முகம் தெரியாத ஜோடிகள் பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விடுவார்கள். அப்போது திரையில் ஒரு நாற்காலி காலியாகும். பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம், ‘உட்காருகிறீர்களா?’ என்று ஆப் கேட்கும். ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு முறையும் அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வட்டம் தீர்ந்த பிறகுதான் நிமிர்த்துவார்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. வாடகை கொடுக்கக் கீழே இறங்கியிருந்தேன். நாற்காலி காலியானது. அண்ணன் போனைக் கவிழ்க்கப் போனார். மாவுக் கையோடு வந்த அக்கா அதைத் தடுத்தார்.

“ஒக்காருங்க.”

“இன்னுங் கொஞ்சம் தேறோணும் சரசு.”

“தேறுனது போதும். எந்தம்பி எதுக்க ஆருமில்லாம ஒக்காந்திருக்கறான்.”

வட்டம் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. அக்கா மாவு விரலாலேயே பொத்தானை அழுத்தினார். இரண்டு வருஷத் தோல்வியற்ற காலம் அந்த மாவோடு முடிந்தது.

ஆட்டத்தை நேரில் பார்த்த சாட்சி என்ற முறையில் சொல்கிறேன்: அண்ணனின் அறிவில் குறையே இல்லை. மயில்சாமி கையில் என்ன இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னார். எந்தச் சீட்டை ஏன் போட வேண்டும் என்று எனக்கு விளக்கினார். விளக்கம் முடிவதற்குள் ஆப் கொடுத்த நேரம் முடிந்து, போன் தானாகவே ஒரு சீட்டைப் போட்டுவிட்டது. மூன்று முறை இப்படி. கடைசியில் ஆட்டம் ஒரே ஒரு சீட்டில் நின்றது. இம்முறை விளக்காமல் துருப்பு ஜாக்கியை அழுத்தினார். மண்வெட்டி பிடித்துத் தடித்த கட்டைவிரல், பக்கத்திலிருந்த ஒன்றுக்கும் உதவாத ஏழின் மேல் பட்டது.

ஆடியது ஒன்று, தோற்றது ஒன்று.

அண்ணன் போனை மேசைமேல் வைத்தார். கொல்லைக்குப் போனார். திரும்பி வந்தபோது இரண்டு காதிலும் இலை இருந்தது. ஜோடியாக எதிரில் ஆடியது யார் என்று மயில்சாமிக்குத் தெரிந்திருக்கும், திரையில் பெயர் வந்திருக்கும். ஆனால் அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“அவன் போட மாட்டானுங்க” என்றார் என்னிடம். “போடறவனா இருந்தா அன்னிக்கே கழட்டாம இருந்திருப்பான்.”

மறுநாள் இலையோடு கிருஷி பவனுக்குப் போனார். பழைய ஆட்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. புதிதாக வந்த கிளார்க் மட்டும் வணக்கம் சொல்லி எழுந்து நின்றதாகக் கேள்வி. வீட்டிலிருந்த நேரமெல்லாம் போன் சார்ஜில் கிடந்தது. அது நிறைந்த பிறகும் கிடந்தது.

சாயங்காலம் போன் மணி அடித்தது. வாட்ஸ்அப்பில் ஒரு படம். தேயிலைச் சரிவு, ஜீப், ஜீப்பின் மேல் சாய்ந்து முறைத்துக்கொண்டு மயில்சாமி. கூடவே அவர் மனைவியின் குரல்:

“அண்ணே, இந்த மனுசன் நேத்துலேர்ந்து காதுல யூக்கலிப்டஸ் எலையத் தொங்கவிட்டுக்கிட்டு அலையுறாரு. குளிக்கும்போதுகூட கழட்ட மாட்டேங்காரு. சவாரிக்கு வந்தவங்கள்லாம் இது என்ன சாமின்னு கேக்காங்க. எப்பண்ணே கழட்டணும்? நீங்களாச்சும் சொல்லுங்க.”

அக்கா அந்தக் குரலைத் திரும்பப் போடச் சொன்னார். அண்ணன் போடவில்லை. படத்தை இரண்டு விரலால் விரித்து முதலில் இடது காதைப் பார்த்தார், பிறகு வலது காதைப் பார்த்தார்.

“எல சின்னதுங்க” என்றார். “ஆனா ரெண்டு காதுலயும் இருக்குது.”

அந்தப் பொங்கலுக்கு மயில்சாமி மனைவியோடு வந்தார். இலையோடுதான் ஜீப்பை விட்டு இறங்கினார். மச்சானும் மைத்துனரும் காதில் இலை ஆட எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேச்சு ஏதும் பெரிதாக இல்லை. அந்த ஏழாம் சீட்டை ஏன் போட்டீர்கள் என்று மயில்சாமி கேட்டதும், அண்ணன் தன் கட்டைவிரலைக் காட்டியதும் மட்டும் எனக்குக் கேட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் இருவரும் ஜோடி. இன்னும் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. “ஆட ஆரம்பிச்சதுக்கப்பறம் தேறவே மாட்டீங்குதுங்க” என்று அண்ணன் என்னிடம் குறைப்படுகிறார். கொல்லைப் பலாவில் கைக்கெட்டும் கிளைகள் மொட்டையாகிவிட்டன.

தொழில் பழக்கத்தில் நான் யார் பக்கமும் சாய்வதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழே ஆட்டம் முடியும்போது மாடியில் என் வேலையும் நின்றுவிடுகிறது. கொல்லைக் கதவு திறந்து, பலா மரத்தடியில் சருகு மிதிபடும் சத்தம் கேட்ட பிறகுதான் விட்ட வரியைத் தொடர்கிறேன்.